அக்காவின் முடிச்சும் வெள்ளைப் பவளமும்

1

நம் வாசகசாலையின் ஆண்டு மலருக்கு நார்வே வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் கடிதம் போட்டிருந்தார். பனி, பனிச்சறுக்கு, நடுநிசிச் சூரியன் ஆகியவற்றை எழுதினால் ராஜபாளையத்து வாசகர்கள் விரும்பிப் படிப்பார்கள் என்று ஒரு பட்டியலும் இணைத்திருந்தார். பனியைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அதை மண்வெட்டியால் அள்ள வேண்டும். அள்ளிய இடத்தில் மறுபடியும் விழும். பனிச்சறுக்குக்கு ஒரே ஒரு தடவை போனேன், அதில் சறுக்கியது மட்டும் நடந்தது. நடுநிசிச் சூரியனைப் பார்க்க இன்னும் வடக்கே போக வேண்டும். எங்கள் ஊருக்கு வாய்த்திருப்பது நடுப்பகல் இருட்டு. எனவே செயலாளர் மன்னிக்க வேண்டும். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது முடிச்சு.

பதினைந்து வருடங்களாக மீன்பிடி வலை செய்யும் ஒரு தொழிற்சாலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறேன். போன மாதம் அதற்காக ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். கூடவே கேக்கும் காப்பியும். கடிகாரத்தைக் கூடத்தில் மாட்டிய அதே வாரம், என் மகள் கீதா கடலுக்கு அடியிலிருந்து உள்ளங்கை அகல வலைத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அந்தத் துண்டினால் முந்தாநாள் ஊர்க் கூட்டத்தில் நான் எழுந்து நின்று பேசும்படி ஆயிற்று. இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளைக் காலை தொழிற்சாலையில் எனக்கு வேலை இருக்குமா என்பது நாளைக் காலைதான் தெரியும். கையும் காலும் நிலைகொள்ளாததால் உட்கார்ந்து எழுதுகிறேன். தாமதம் இல்லாமல் கட்டுரை வந்து சேர்ந்ததற்குச் செயலாளர் இந்தப் பதற்றத்தைத்தான் வாழ்த்த வேண்டும்.

2

என் அக்கா காளியம்மாளை உங்களில் பலருக்குத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மில் பஸ்ஸில் ராஜபாளையம் வந்து, கோனில் நூல் சுற்றும் வைண்டிங் பகுதியில் இருபது வருடம் வேலை பார்த்தவள். இடதுகைக்காரி என்பதால் மில்லில் 'லெப்ட் காளி' என்றால்தான் தெரியும். கோனில் நூல் அறுந்தால் இரண்டு நுனியையும் சேர்த்து அவள் முடிச்சுப் போடுவது கண்ணுக்குத் தெரியாது. விரல்கள் ஒருமுறை ஒன்றையொன்று முகர்ந்துவிட்டு விலகும், அவ்வளவுதான், நூல் ஓடிக்கொண்டிருக்கும். தறிக்குப் போனாலும் அவிழாது. "எம் முடிச்ச அவுக்கணும்னா நூல அறுக்கணும்லே," என்பாள்.

அதை எனக்கு அவள் கற்றுக் கொடுக்கவில்லை. கேட்டால், "பொட்டப்பிள்ளைக வேல உனக்கு எதுக்கு?" என்று சிரிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் திருடினேன். நான் வலதுகைக்காரன். எழுதுவது, வெட்டுவது, ஸ்பேனர் பிடிப்பது எல்லாம் வலதுகையில். முடிச்சு மட்டும் இடதுகையில். அதனால் என் முடிச்சு மற்றவர்கள் முடிச்சைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி இருக்கும். திருட்டுச் சொத்து என்று அதன் முகத்திலேயே எழுதியிருக்கிறது.

மில்லில் ஃபிட்டராக இருந்து, தூத்துக்குடி வழியாகக் கப்பல் வேலைக்குப் போனேன். எண்பத்து நாலில் எங்கள் கப்பல் எஞ்சின் பழுதாகி நார்வேயின் மேற்குக் கரையில் ஒரு சிறிய துறைமுகத்தில் ஆறு வாரம் கட்டிக் கிடந்தது. பொழுது போகாமல் கரையில் நடந்தபோது ஒரு கொட்டகைக்குள் பெரிய பெரிய ஆட்கள் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால், அக்காவின் முடிச்சு. மில்லில் நூலுக்குப் போடுவதையே இங்கே கயிற்றுக்குப் போடுகிறார்கள். வெளிநாட்டில் நம் ஊர் முகத்தைக் கண்டதுபோல எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊலா என்ற மேஸ்திரி, என்ன சிரிப்பு என்று சைகையில் கேட்டார். நான் ஊசியை வாங்கிப் பத்து கண்ணி போட்டுக் காட்டினேன். அவர் வலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டு, திரும்பி நிற்கும் முடிச்சுகளைக் காட்டி ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் வேலை கொடுத்தார்கள்.

3

வேலை கொடுத்துவிட்டால் போதுமா? இங்கே வெளிநாட்டவர் விவகாரத்தைப் போலீஸ் நிலையத்தில் பார்க்கிறார்கள். அந்த நாளில் நிபுணர்களுக்கு மட்டும்தான் வேலை அனுமதி. எந்தத் துறையில் நிபுணர் என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம். ஊலா யோசித்து 'முடிச்சு' என்று எழுதிவிட்டார்.

போலீஸ் அதிகாரி அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேசை இழுப்பறையிலிருந்து பார்சல் கட்டும் கயிற்றில் இரண்டு துண்டு எடுத்துக் கொடுத்தார். முடிந்து கொடுத்தேன். இழுத்தார். நகத்தால் நெருடினார். பேனா முனையை நுழைத்துப் பார்த்தார். பக்கத்து அறைக்குப் போய் இன்னொருவரிடம் காட்டினார். கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு முத்திரை குத்தினார். அக்காவுக்கு இதை எழுதினேன். 'ஊருக்குள் இருபது வருசம் போட்டேன், ஒரு போலீஸ்காரனும் எனக்கு முத்திரை குத்தலையே' என்று பதில் போட்டாள்.

மொழிதான் காலை வாரிவிட்டது. இவர்கள் மொழியில் முடிச்சுப் போட்டேன் என்பதற்கு 'க்னித்' என்றும், நொறுக்கினேன் என்பதற்கு 'க்னூஸ்த்' என்றும் சொல்ல வேண்டும். நம் காதுக்கு இரண்டும் ஒரே தும்மல். முதல் மாதம் முதலாளி வலைப் பகுதியைச் சுற்றிப் பார்க்க வந்தார். நான் வயிற்றை எக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்று, முன்னால் கிடந்த புது வலையைக் காட்டி, "இதெல்லாம் நான் நொறுக்கியது," என்றேன். ஊலா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பதினைந்து வருடமாக எந்த விருந்தானாலும் அந்தக் கதையை அவர் மறக்காமல் சொல்கிறார்.

4

என் மனைவி பார்வதியும் ஆறு வயது கீதாவும் எண்பத்தாறில் வந்து சேர்ந்தார்கள். பார்வதி வத்திராயிருப்புக்காரி. விமானத்தை விட்டு இறங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஏங்க, இங்க மனுசங்க எல்லாம் எங்க?" என்பது.

கீதாவுக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் நாளே பெயர் பிரச்சினை. இவர்கள் வாயில் கீதா 'யீத்தா' ஆகிறது. 'யெய்த்தா' என்றால் ஆடு. பிள்ளைகள் சும்மா விடுவார்களா? வீட்டுக்கு வந்து அழுதாள். பெயரை மாற்றலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவளே மூன்று மாதத்தில் இவர்கள் மொழியைப் பிடித்து, ஆட்டுக்கும் தனக்கும் உள்ள வித்தியாசத்தை வகுப்பில் ஒவ்வொருவரிடமும் உச்சரித்துக் காட்டி, சொல்ல வைத்து, தவறினால் திருத்தி, பிள்ளைகளை ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள். அன்று தொடங்கிய திருத்தும் பழக்கம் பிறகு வீட்டுக்குள் வந்தது. நான் நார்வே மொழியில் வாயைத் திறந்தால் அவளுடைய வலதுகை ஆட்காட்டி விரல் எழும். வாக்கியத்தை முடிக்கும்வரை மரியாதையாக உயர்ந்தபடி நிற்கும். முடித்ததும் திருத்தம் வரும். கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், எங்கும் அந்த விரல் எனக்கு முன்னால் நடக்கும்.

அவள் தமிழ் அம்மாவிடம் கற்றது. இன்றைக்கும் "எம்புட்டு", "பொறவு" என்றுதான் பேசுவாள், ஆனால் நார்வே ராகத்தில். பதினைந்து வயதுக்குப் பிறகு அந்த ராகமும் குறைந்தது. ஏதாவது கேட்டால் தோளைக் குலுக்குவாள். தோள் குலுக்கலுக்கு எந்த மொழியிலும் என்னிடம் பதில் இல்லை. அவள் என்னைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போய்க்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. அது வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

5

இப்போது என் சாதனைக்கு வருகிறேன். கடலின் தரையோடு இழுக்கும் வலைக்குக் கல் ஒரு எதிரி. பாறையில் சிக்கினால் அடிக்கயிறு கிழியும். அதற்காக வலையின் அடிவரிசையில் பழைய லாரி டயரை வட்டம் வட்டமாக வெட்டிக் கோப்பார்கள். ரப்பர் கல்லில் மோதினால் எம்பிக் குதித்துத் தாண்டும். ஆனால் கட்டு நிற்காது. நாலு தடவை கடலுக்குப் போனால் வட்டுகள் கழன்று போகும்.

ராஜபாளையத்தில் பழைய டயரை வெட்டி மாட்டுத் தொட்டி செய்வதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, டயரை எந்தப் பக்கம் துளைத்தால் கிழியாது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டுக்கு அக்காவின் முடிச்சு இருந்தது. இரண்டையும் சேர்த்தேன். வட்டுகள் கழலவே இல்லை. படகுக்காரர்கள் தேடி வந்து கைகுலுக்கினார்கள். "குமார், இனி நம் வலை போக முடியாத இடமே இல்லை," என்று ஊலா முதுகில் தட்டினார். அன்றைக்கும் கேக்தான். இந்த நாட்டில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் கேக்.

அதற்குப் பிறகுதான் பழுது பார்க்க வரும் வலைகளில் வெள்ளை வெள்ளையாகக் கிளைகள் சிக்கி வர ஆரம்பித்தன. விரல் பருமன், மான் கொம்பு மாதிரி பிரிந்து பிரிந்து, நுனியில் சின்னச் சின்னக் கிண்ணங்கள். என்ன என்று கேட்டேன். "கொரால்," என்றார் ஊலா. பவளம். உதறிக் கொட்டி, மண்வெட்டியால் அள்ளி ஓரமாகப் போட்டோம். பனியை அள்ளுவதுபோலத்தான். வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

தோன்றியது ஒன்று உண்டு. அக்காவுக்கு எழுதினேன்: 'இங்கே கடலில் பவளம் மண்வெட்டியால் அள்ளுகிற அளவுக்குக் கிடைக்கிறது.' எழுதியிருக்கக் கூடாது.

6

அக்கா மகள் மகேஸ்வரிக்குச் செவ்வாய் தோஷம். ஜோசியர் பவள மோதிரம் போடச் சொல்லியிருந்தார். மகாராஜபுரத்திலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்து, மோதிரம் போட்ட பிறகு பேசலாம் என்று நின்றிருந்தது. என் கடிதம் போன மூன்றாவது வாரம் அக்காவிடமிருந்து பதில்: 'வரும்போது ஒரு கட்டி எடுத்து வா.'

தொண்ணூற்று ஒன்றில் குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்தபோது ஒரு நல்ல கிளையாகப் பார்த்துத் துண்டில் சுற்றி எடுத்து வந்தேன். அக்கா பிரித்துப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"ஏலே, அம்புட்டுத் தூரம் போயி வெள்ளப் பவளத்தத் தூக்கிட்டு வந்திருக்கியே. செவ்வாய்க்குச் செவப்புல்லா வேணும்?"

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாள் எட்டிப் பார்த்து, "இதி பகடமா?" என்று, இதுவா பவளம் என்பதுபோல மூக்கில் விரலை வைத்தாள். ஆசாரியிடம் கொண்டு போனோம். அவர் உரசிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது சுண்ணாம்பு."

"கடல்லருந்து வந்தது ஆசாரி."

"கடல்லருந்து உப்புங்கூடத்தான் வருது. அத மோதிரத்துல வைக்க முடியுமா?"

வேறு யாராவது என்றால் விட்டுவிடுவார்கள். அக்கா விடவில்லை. சுண்ணாம்பு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து ஒரு தாம்பாளத்தில் மஞ்சளைக் கரைத்தாள், சுண்ணாம்பைப் போட்டாள். தண்ணீர் சிவந்தது. பெண் மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுப்போமே, அதே தண்ணீர். அதில் பவளத்தைப் போட்டு ஒரு நாள் ஊற வைத்தாள். எடுத்தபோது செக்கச்செவேல் என்று இருந்தது. ஒரு சின்னத் துண்டை ஆசாரியிடம் கொடுத்தாள்.

"நீங்க சொன்னாப் போடுதேன். எம் பேரச் சொல்லிராதிய," என்று அவர் பதித்துக் கொடுத்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து மோதிரத்தைப் பார்த்துத் திருப்தியாகப் போனார்கள். பத்து நாள் கழித்து உறுதி செய்ய வந்தார்கள். மகேஸ்வரி காப்பித் தட்டை நீட்டினாள். மோதிரம் மஞ்சளாக இருந்தது. ஆரத்தித் தண்ணீரின் சிவப்பு எத்தனை நாள் நிற்கும்? மாப்பிள்ளையின் அம்மா மோதிரத்தையே பார்த்தார். "அன்னைக்குச் செவப்பா இருந்துச்சே, சம்பந்தி?"

நான் கதவுப் பக்கம் நகர ஆரம்பித்தேன். அக்கா இமைக்கவில்லை.

"ஆமா. செவ்வாய் வெலகிட்டாரு. குரு வந்துட்டாரு."

அந்த அம்மாள் ஒரு கணம் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார், சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "குரு பார்வை வந்துட்டுன்னா பொறவு என்ன? தேதியப் பாருங்க," என்றார். மகேஸ்வரிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். மோதிரம் இன்னும் இருக்கிறது. எந்த நிறத்தில் என்று நான் கேட்கவில்லை.

7

கல்யாணக் கலகலப்பில் நான் கவனிக்காதது ஒன்று. மீதிப் பவளம் தாம்பாளத்திலேயே கிடந்தது. பன்னிரண்டு வயதை நெருங்கிக்கொண்டிருந்த கீதா அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். சாயம் ஏறியதும் வெள்ளையில் தெரியாமல் இருந்ததெல்லாம் தெரிந்தது. ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் மெல்லிய தகடுகள், நடுவை நோக்கி வட்டமாக. கிளைகளுக்கு இடையில் வளைந்து வளைந்து போகும் ஒரு குழாய்.

"அப்பா, இதுக்குள்ள யாரோ இருந்திருக்காங்க," என்றாள்.

"ஏட்டி, கல்லுக்குள்ள யாரு இருப்பா?" என்றாள் அக்கா.

யார் இருப்பார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் கீதா இன்று கடல் உயிரியல் படிக்கிறாள். ஆரத்தி எடுத்து அனுப்பி வைத்த அத்தைக்கு அது தெரியாது.

அவள் சொல்லித்தான் எனக்கும் தெரியும். நம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து அடுக்கினால் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத்தில் அந்தப் பவளக் காடு இருக்கிறது. வெயில் எட்டாது. தண்ணீர் வருடம் முழுவதும் மண்பானைத் தண்ணீரைவிடக் குளிர்ச்சி. ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு பவளப்பூச்சி உட்கார்ந்து, நீரோட்டம் கொண்டுவருவதைக் கையை நீட்டிப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். மீனவர்கள் இதற்குக் கண்பவளம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே சிவப்பாக வளர்ந்து நிற்பதற்குக் கடல்மரம் என்று பெயர். இன்னொன்றுக்கு அரிசிமணிப் பவளம். அரிசியை வருடத்தில் சில நாள் பாலில் கஞ்சியாக மட்டும் காய்ச்சிக் குடிக்கிற இவர்கள், கடலுக்கு அடியில் அரிசியைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். பார்வதிக்கு அதில் ஒரே திருப்தி.

கடல்மரத்தின் கிளையில் ஒரு நட்சத்திரமீன் ஏறி உட்கார்ந்திருக்கும். அதன் கைகள் பிரிந்து பிரிந்து, சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி இருக்கும். சிவப்பு மீன் ஒன்று உண்டு, முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும். வயிறும் பிள்ளையுமாகப் பவளக் கிளைகளுக்குள் வந்து ஒதுங்கி நிற்கும். பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதுபோல என்று பார்வதி சொன்னாள். கீதா விரலை உயர்த்தவில்லை, ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரையில் அப்படி எழுத முடியாது என்றாள்.

அந்தக் குழாயில் குடியிருந்தது ஒரு புழு. அது கிளைகளுக்கு நடுவே தாள் மாதிரி ஒரு கூடு கட்டும். பவளம் அதன்மேல் சுண்ணாம்பு பூசிக்கொள்ளும். அப்படியே கிளையும் கிளையும் ஒட்டிக்கொண்டு காடு கெட்டியாகும். "அந்தப் புழுவும் உங்கள மாதிரிதாம்பா, கட்டிக்கிட்டே இருக்கும்," என்றாள் கீதா. பல வருடத்துக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன அன்பான வார்த்தை அது. நான் இரண்டு நாள் அதே நினைப்பில் இருந்தேன்.

அந்தக் காடு அந்த உயரத்துக்கு வர எத்தனை காலம் என்று கேட்டேன். ஆயிரக்கணக்கான வருடம் என்றாள். நான் மண்வெட்டியால் அள்ளியதை அவளிடம் சொல்லவில்லை.

8

போன மாதம் கீதா ஆராய்ச்சிக் கப்பலில் உதவியாளாகப் போனாள். கயிற்றில் கட்டிய ஒரு கேமரா இயந்திரத்தைக் கடலுக்குள் இறக்குவார்கள், படம் மேலே டி.வி.யில் தெரியும். எங்கள் ஊருக்கு வெளியே உள்ள பவளக் காட்டுக்குத்தான் போனார்கள். பாதிக் காடு இருந்தது. மீதிப் பாதியில் உழுத வயல் மாதிரி நீளநீளமாகத் தடம், இரண்டு பக்கமும் வெள்ளைத் தூள். மீன் ஒன்றுகூட இல்லை. தடத்தின் முடிவில் பச்சை வலை ஒன்று மாட்டிக்கொண்டு கிடந்தது, டயர் வட்டுகளோடு. இயந்திரத்தின் கை அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்து வந்தது.

அந்தத் துண்டைத்தான் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். நான் கையில் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. முடிச்சுகள் எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி இருந்தன. கடலுக்கடியில் எத்தனை வருடம் கிடந்தும் ஒன்றுகூட நெகிழவில்லை.

"அத்தை முடிச்சு," என்றாள் கீதா. "சின்ன வயசுல இருந்து பாத்திருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"யாரிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. நான் சொல்ல மாட்டேன். நீங்கதாம்பா சொல்லணும்."

பார்வதி ரசப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "செத்த நேரம் சாப்பிட விடு உங்கப்பாவ," என்றாள். கூடத்தில் புதுக் கடிகாரம் ஓடும் சத்தம் நன்றாகக் கேட்டது.

வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐம்பதைத் தொடும் வயதில், பார்சல் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் காட்டி இன்னொரு தடவை நிபுணர் ஆக முடியாது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் வேறு. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இவள் என்னிடம் கோபப்பட மாட்டாள். தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவாள். அந்தத் தோள் குலுக்கலோடு மிச்ச ஆயுளையும் கழிக்க வேண்டும்.

9

அந்தக் காட்டின்மேல் வலை இழுப்பதைத் தடை செய்யலாமா என்று பேச, மீன்வளத் துறைக்காரர்கள் வெள்ளிக்கிழமை மதியம் ஊர்க் கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். படகுக்காரர்கள், எங்கள் முதலாளி, ஊலா எல்லோரும் வந்திருந்தார்கள். கீதாவின் பேராசிரியர் படத்தைப் போட்டார். வெள்ளைக் காடும் சிவப்பு மீனும் வந்தபோது கூடம் அமைதியாகப் பார்த்தது. தடம் வந்தது. பச்சை வலை வந்தது.

ஒரு படகுக்காரர் எழுந்தார். நல்ல மனிதர், போன முறை ஊரிலிருந்து நான் கொண்டுவந்த பால்கோவாவை ரொட்டியில் பூசித் தின்று, இது இனிப்புப் பாலாடைக்கட்டி என்று பாராட்டியவர். "நம் படகுகள் அந்தப் பக்கம் போவதில்லை. இது வெளிநாட்டுக்காரன் வலை," என்றார். பலர் தலையாட்டினார்கள். எங்கள் முதலாளியும் தலையாட்டினார். ஒரு விதத்தில் அது உண்மைதான். முடிச்சுப் போட்டவன் வெளிநாட்டுக்காரன்.

ஊலா மட்டும் தலையாட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கும் தெரிந்துவிட்டது.

கீதா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் திரும்பி என்னைப் பார்த்திருந்தால் நான் எழுந்திருக்க மாட்டேனோ என்னவோ. அவள் திரும்பவில்லை. எழுந்தேன். சட்டைப்பையிலிருந்து வலைத்துண்டை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். முந்தின நாள் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன்: இந்த முடிச்சைப் போட்டது நான். பதினைந்து வருடக் கதையும் அந்த ஒரு வரியில் வந்துவிடும், பிறகு யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

"யெய் ஹார் க்னூஸ்த் தெத்தெ," என்றேன்.

கூடம் அப்படியே நின்றுபோனது. முதலாளி என்னையும் துண்டையும் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பால்கோவாப் படகுக்காரர் மெதுவாக உட்கார்ந்தார். நான் முடிச்சை விளக்கினேன், இடதுகையை விளக்கினேன், டயர் வட்டுகள் எந்த ஆண்டிலிருந்து எங்கள் வலையில் இருக்கின்றன என்று சொன்னேன். துறைக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். எப்படியோ சொல்லி முடித்து உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. போட்டேன் என்று சொல்லவில்லை. நொறுக்கினேன் என்று சொல்லியிருக்கிறேன். முதலாளி முன்னால் முதல் மாதம் சொன்ன அதே தப்பு. இதை நொறுக்கியது நான். காது சுட்டது. ஊலா சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கீதாவைப் பார்த்தேன். இப்போது திரும்பி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வலதுகை மடியில் இருந்தது. விரல் எழவில்லை.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்தோம். பார்வதி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கீதா என் கையைப் பிடித்துக்கொண்டாள், இடதுகையை. ஆறு வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனபோது பிடித்தது, அதற்குப் பிறகு இப்போதுதான். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டேன்.

"அந்த வார்த்தையத் தப்பாச் சொல்லிட்டேன்லாம்மா?"

"இல்லப்பா," என்றாள். "சரியாத்தான் சொன்னீங்க."

என் நார்வே மொழியை அவள் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.